சத்தம் நின்றால் போதாது

என் வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் தண்ணீர் மோட்டாரில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் முதலில் கேட்பது மாடியில் இருப்பவருக்கு. கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணாச்சி, டேங்க் நிறைஞ்சாச்சு. மோட்டாரை ஆஃப் பண்ணுங்கோ" என்பார். நான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். அண்ணாந்து பார்த்தால் தலை அங்கேயே இருக்கும்.

"அண்ணாச்சி, மோட்டார்."

"ஆஃப் பண்ணியாச்சே டீச்சர். சத்தம் நின்னது கேக்கலையா?"

"கரண்ட் போனாலும் சத்தம் நிக்கும் அண்ணாச்சி. பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா மதி."

"பண்ணிட்டேன். போதுமா?"

"மதி" என்பார். தலை உள்ளே போகும். போதும் என்பதற்கு இந்த ஊர் மலையாளத்தில் மதி. டீச்சர் கரமனையில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். வீட்டுத் தமிழும் தெரு மலையாளமும் அவர் வாயில் அண்ணன் தம்பி மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு வரும்.

முதல் தடவை எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நான் யார்? அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வள்ளியூரில் பஸ் ஏறியவன். சாலைக் கடைத்தெருவில் ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தேன். டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டினேன். பிறகு குழி வெட்டுகிறவர்களை வைத்து வேலை வாங்கினேன். கேபிள் டி.வி. வந்தபோது தெருத் தெருவாகக் கம்பி இழுத்தேன். இண்டர்நெட் வந்தபோது அதையும் அதே கம்பத்தில் ஏற்றினேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் வாடகை வீடு தேடி அலைகிற ஸ்ரீவராகத்தில் மூன்று மாடி எழுப்பி நிற்கிறேன். என் ஆட்களிடம் ஒன்று சொன்னால், சரி என்று சொல்லக்கூட நிற்கமாட்டார்கள், ஓடுவார்கள். நானும் சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை. அப்படிப்பட்ட என்னிடம், என் வீட்டில், என் மோட்டாருக்கு வாய் திறந்து பதில் சொல்லச் சொல்கிறார் ஒரு குடியிருக்க வந்த அம்மாள்.

அவர் வேலை என்னவென்றால், ஒரு என்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடம் எடுப்பது. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு ஒரு சங்கதி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று, ஒன்றுமே தெரியாமல் வந்து உட்காருகிற பிள்ளைகளுக்கு அரிச்சுவடியில் இருந்து சொல்லிக்கொடுக்கிற பாடம். வீடு பார்க்க வந்த அன்றே இதைச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நெட்வொர்க்கா? அப்ப நம்ம ஆளு. கிழக்கேகோட்டையில இருந்து இந்தப் பக்கம் போற கம்பியில பாதி நான் போட்டதாக்கும்."

"அண்ணாச்சி கம்பி இல்லாட்டி என் க்ளாஸே இல்லை" என்றார் டீச்சர்.

இதை நான் பார்க்கிறவரிடம் எல்லாம் சொன்னேன். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம்கூடச் சொன்னேன். என் வீட்டுக்காரிதான் ஒரு நாள் குறுக்கே விழுந்தாள். "அதுக்கப்புறம் அந்தப் பிள்ள இன்னொண்ணும் சொல்லிச்சே. அத ஏன் விட்டுட்டியோ? கம்பி மட்டும் போதாது அண்ணாச்சின்னு சொல்லலையா?" சொல்லியிருக்கலாம். எனக்கு முதல் பாதி போதுமாக இருந்தது.

பிறகு தொற்றுக் காய்ச்சல் வந்து ஊரை அடைத்தார்கள். காலேஜையும் அடைத்து, வீட்டில் இருந்தே பாடம் எடுக்கச் சொன்னார்கள். டீச்சர் முற்றத்தைப் பார்த்த ஜன்னலை ஒட்டி மேஜையைப் போட்டுக்கொண்டார். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் என் இருக்கை. பழைய கேபிள் சுற்றிவந்த பெரிய மரச் சக்கரம் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதில்தான் நான் உட்காருவது, காப்பி வைப்பது, வெற்றிலைப் பெட்டி வைப்பது எல்லாம். ஊரில் எல்லாரும் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினார்கள். என் முற்றத்துக்குக் காலேஜே இறங்கி வந்தது. அந்தப் பாடத்தை முதல் வகுப்பில் இருந்து கடைசி வரை நான் கேட்டிருக்கிறேன். வகுப்பு இங்கிலீஷிலும் மலையாளத்திலுமாக ஓடும். எனக்குப் பிடிபட்டதை என் தமிழில் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"கேக்கறதா?"

"கேக்குது மிஸ். எங்களைக் கேக்குதா?"

"கேக்கறது. இனி தொடங்கலாம்."

இரண்டு கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும் முன்னால் இதே மூன்று வார்த்தையைத்தான் பரிமாறிக்கொள்ளுமாம். பிறகுதான் விஷயம். அந்த விஷயத்தையும் முழுசாக அனுப்பாதாம். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வழிக்கு ஒன்றாக விடுமாம். ஒரே குடும்பம் நாலு பஸ்ஸில் ஏறிக் கல்யாண மண்டபத்தில் சேர்கிற மாதிரி, முன்னே கிளம்பியது பின்னே வரும். நடுவில் ஒன்று வராமலே போகும்.

"வராட்டி எப்படி மிஸ் தெரியும்?" என்று ஒரு பையன்.

"கிடைச்சதுன்னு அந்தப் பக்கத்துல இருந்து பதில் வரணும். வரலைன்னா கொஞ்ச நேரம் காத்திருந்து அதையே மறுபடி அனுப்பணும்."

"அதுக்கும் வரலைன்னா?"

"முதல்ல காத்ததைப் போல ரெண்டு மடங்கு காத்திருக்கணும். மறுபடி அனுப்பணும். அப்புறம் அதுக்கும் ரெண்டு மடங்கு. வழி அடைஞ்சு கிடக்கலாம், கேட்டோ. நாம தள்ளத் தள்ள இன்னும் அடையும்."

"நடுவுல கோபப்படலாமா மிஸ்?"

"அதுக்குப் பாடத்துல இடம் இல்லை."

ஜன்னலுக்குள் இருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் ஓட்டை டப்பாவைத் தட்டினாற்போல் வந்தது. கீழே நானும் சிரித்தேன். உடனே இன்னொரு குட்டி கேட்டாள். விஷயம் போய்ச் சேர்ந்து, கிடைச்சதுங்கிற பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? இவர் மறுபடி அனுப்புவாரே, அவர்களுக்கு ரெண்டு தடவை கிடைக்குமே?

"ரெண்டு வந்தா ஒண்ணைத் தூரப் போட்டுட்டு, கிடைச்சதுன்னு மறுபடி பதில் சொல்லுவா. ரெண்டு தடவை வர்றதுல நஷ்டம் இல்லை. ஒரு தடவையும் வராம இருக்கிறதுலதான் நஷ்டம்."

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு. டீச்சர் இதை மனிதர்களிடமும் நடத்தினார் என்பதுதான் சங்கதி. பால் பாக்கெட் போடுகிறவன் வாசலில் வைத்துவிட்டுப் போனால், மாடியில் இருந்து "கிடைச்சுது கேட்டோ" என்று குரல் வரும். கேட்டாயா என்பதற்கு இந்த ஊரில் கேட்டோ. அவன் பதிலுக்கு மணி அடிக்காமல் போனால் மறுநாள் விசாரணை. "டீச்சருக்கு வேற பணி இல்லையா அண்ணாச்சி?" என்று அவன் என்னிடம் அழுதான். வேலைக்கு ஒரு சின்ன விஷயம் வேண்டுமென்று காலேஜில் மேலதிகாரிக்கு எழுதி, பதில் இல்லையென்றால் அதே வரியை மறுபடி அனுப்புவார். கூட ஒரு சொல் இருக்காது, குறையவும் குறையாது. அந்த மனிதர் இவர் தலையைக் கண்டால் வேறு வராந்தா வழியாகப் போவதாகக் கேள்வி.

எனக்கே சில நாள் பிடிக்காது. ஒருவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காக நிற்பது லேசில்லை. அவர் முகத்தில் கோபமோ கெஞ்சலோ இருக்காது. இருந்தால் சண்டை போடலாம். வெறுமனே நிற்பார், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. "சந்தேகப் பிராணி" என்றாள் என் வீட்டுக்காரி. ஏன் இப்படி என்று அவளே ஒரு நாள் கேட்டும்விட்டாள். டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, "பாடம் எடுத்து எடுத்து இப்படி ஆயிட்டேனோ, இப்படி இருந்ததால இந்தப் பாடம் பிடிச்சதோ, எனக்கே தெரியலை அக்கா" என்றாராம்.

சந்தேகப் பிராணி என்று சொன்னவள்தான் கடைசியில் கட்சி மாறினாள். ஒரு மத்தியானம் உள்ளே இருந்து, "சோறு எடுத்து வச்சாச்சு" என்றாள். நான் எப்போதும் போல் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். நிலைப்படியில் வந்து நின்றாள்.

"சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொன்னேன்."

"வாரேன்ல?"

"இத்தன வருசமா அத வாயத் தொறந்து சொன்னா என்ன? நான் செவுத்துக்கிட்டயா பேசுதேன்?"

மாடி ஜன்னல் அந்த நேரம் பார்த்து மூடிக்கொண்டது. சிரிப்பை அடக்கத்தான் மூடியிருக்க வேண்டும்.

வேறு ஊரில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்த அன்றும் டீச்சர் அப்படித்தான். சாமானை ஏற்றியாயிற்று. வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்து, "போயிட்டு வரேன் அண்ணாச்சி" என்றார். நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே திரும்பினேன். இந்த மாதிரி நேரத்தில் வாசலில் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. வேன் தெருமுனை வரை போய் நின்றது. பார்த்தால் டீச்சர் வெயிலில் இறங்கி நடந்து வருகிறார். எதையாவது மறந்து வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"கை காட்டினேனே டீச்சர்?"

"வண்டியை எடுன்னு டிரைவருக்குக் காட்டினேளா, எனக்குக் காட்டினேளா, தெரியலை."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எதற்கு அவ்வளவு நேரம் பிடித்ததோ. "போயிட்டு வாங்க டீச்சர்" என்றேன்.

"மதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஆனால் டீச்சர் என்றால் எனக்கு நினைவில் நிற்பது அந்த வேன் இல்லை. மகேஸ்வரி விஷயம்.

மகேஸ்வரி அந்த வகுப்பில் ஒரு பெண். பொன்முடி மலைக்குப் போகிற வழியில், வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தேயிலை கிள்ளுகிற தமிழ்க் குடும்பம். ஊர் அடைத்த புதிதில் அவள் குரலை நானே கேட்டிருக்கிறேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், "மிஸ், பாறை மேல நிக்கேன், இங்கதான் டவர் கிடைக்குது" என்பாள். கிடைச்சதுங்கிற பதில் தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்ட குட்டி இவள்தான். பிறகு ஒரு நாளில் இருந்து அந்தக் குரலைக் காணோம்.

டீச்சர் மெசேஜ் அனுப்பினார். பதில் இல்லை. பொறுத்திருந்து அதையே அனுப்பினார். கூப்பிட்டால் மணி அடிக்கும், யாரும் எடுப்பதில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. பரீட்சையை மட்டும் நேரில் வந்து எழுத வேண்டும். வகுப்பிலும் இல்லை, பதிலும் இல்லை என்றால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று காலேஜில் முடிவு. அதற்கு டீச்சர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி போனில் பேசியது ஜன்னல் வழியாக எனக்கும் கேட்டது.

"டீச்சரே, ப்ளூ டிக் கண்டில்லே? அந்தக் குட்டி எல்லாம் வாயிச்சிட்டுண்டு. பின்ன எந்தா?" அனுப்பியது எல்லாவற்றையும் படித்திருக்கிறாள், படித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறாள், அப்புறம் என்ன என்கிறார். நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

டீச்சர் சொன்னார்: "டிக் வந்தது போன்ல இருந்து சார். மகேஸ்வரிகிட்ட இருந்து ஒண்ணும் வரலை. நான் ஒப்பு போட மாட்டேன்."

பிறகு தலை கைப்பிடிச் சுவருக்கு மேல் வந்தது. "அண்ணாச்சி, உங்ககிட்ட பாஸ் உண்டில்லையோ?"

இருந்தது. ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது ரோட்டில் போக அனுமதிச் சீட்டு வைத்திருந்தவன் நான். கேபிள் அறுந்தால் ஜனங்களுக்குச் சோறு இல்லாததைவிடப் பெரிய கஷ்டம் ஆகிவிடும் என்று சர்க்காருக்கே தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் ஜீப்பை எடுத்தேன். டீச்சரைப் பின் சீட்டில் கேபிள் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நெடுமங்காட்டில் போலீஸ் நிறுத்தியபோது, "நெட்வொர்க் பணியாணு சாரே" என்றேன். டீச்சர் பின்னால் இருந்து, "அதே, நெட்வொர்க்" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வித்துரா சந்தையில் கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. வழி கேட்டு, பனி இறங்கிய வளைவுகளில் ஏறி, எஸ்டேட்டுக்காரர்கள் குடியிருக்கிற லயத்தைக் கண்டுபிடித்தோம். வரிசையாக ஒட்டிக்கொண்டு தகரக் கூரை வீடுகள். மகேஸ்வரி தலையில் விறகோடு வந்துகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் விறகு கீழே விழுந்தது.

"மிஸ்! நீங்களா? இங்கயா?"

"நான் அனுப்பினது ஒண்ணும் உனக்குக் கிடைக்கலையா?"

"போன் அப்பாகிட்ட இருக்கு மிஸ். கீழ ரப்பர் ஷெட்டுல வாட்ச்மேன் வேலைக்குப் போனாரு. ரோட்ட அடச்சிட்டாங்க. அவரு மேல வர முடியல, நாங்க கீழ போக முடியல. ரேஷன் வண்டிக்காரர்கிட்ட சொல்லி விட்டாரு, காலேஜுல இருந்து என்னமோ வந்துக்கிட்டே இருக்கு, பயப்படாத, ஒண்ணு விடாம தொறந்துட்டேன்னு."

"அப்பாவுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தமிழே எழுத்துக் கூட்டித்தான் மிஸ். இங்கிலீஷ் எங்க? தொறக்காம விட்டா என் பேர வெட்டிடுவாங்கன்னு அவருக்குப் பயம். அதான் வந்தது வந்தபடி தொறந்துக்கிட்டே இருக்காரு."

 பெயர் போய்விடக் கூடாது என்று அந்த மனிதர் ரப்பர் ஷெட்டில் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுத் திறந்திருக்கிறார். அவர் தொட்ட ஒவ்வொரு தடவையும் இங்கே நீல அடையாளம் விழுந்து, அதுவே அவள் பெயரை வெட்டுவதற்குச் சாட்சியாகியிருக்கிறது. கூப்பிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டேன். "எடுத்தா இங்கிலீஷ்ல கேப்பாங்கன்னு பயம் தாத்தா" என்றாள். என்னை அவள் தாத்தா என்றது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. இறங்கும்போதுதான் உறைத்தது.

டீச்சர் விறகைத் தாண்டி அவள் பக்கத்தில் போனார். பரீட்சை என்றைக்கு, எந்த ஹால், எத்தனை மணிக்கு என்று சொன்னார். "இப்ப நீ சொல்லு." அவள் திருப்பிச் சொன்னாள். நேரத்தைத் தப்பாகச் சொன்னாள். டீச்சர் முதலில் இருந்து அதே குரலில் சொன்னார். இந்தத் தடவை சரியாக வந்தது.

"நான் வந்தா உள்ள விடுவாங்களா மிஸ்?"

"உன் பேர் பட்டியல்ல இருக்கு. எங்கேயும் போகலை."

"இருக்கு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அதைத் திருப்பிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

பரீட்சை வருவதற்குள் ரோடு திறந்து பஸ்ஸும் ஓட ஆரம்பித்தது. ஆனால் அந்த வாரத்தில் டீச்சர் விழுந்துவிட்டார். ஊரெல்லாம் வந்த அதே காய்ச்சல். மாடிக்கு யாரும் போகக் கூடாது. என் வீட்டுக்காரி கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு இறங்குவாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே இருந்து "கிடைச்சுது அக்கா" என்று வரும். நாளுக்கு நாள் அந்தக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ஜன்னலில் இருந்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இருமல்.

"அண்ணாச்சி. நாளைக்கு மகேஸ்வரி வந்து சேர்ந்தாளான்னு பார்த்துச் சொல்லணும்."

"பார்த்துச் சொல்லுதேன் டீச்சர்" என்று உடனே சொன்னேன். நிற்க வைக்கவில்லை.

காலையில் கிழக்கேகோட்டையில் போய் நின்றேன். பஸ்ஸில் இருந்து இறங்கினாள். ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் பரீட்சை நடக்கிற இடத்தில் விட்டேன். கேட்டுக்குள் போனாள். பழைய நானாக இருந்தால் அங்கேயே வண்டியைத் திருப்பியிருப்பேன். ஆனால் கேட்டுக்குள் போனது கேட்டுக்குள் போனதுதான், பெயரைப் பார்த்து உட்கார விட்டார்களா என்று தெரியாதே. உட்கார இடம் கிடைத்ததும் ஜன்னலில் வந்து கை காட்டு என்று முன்னமே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். மரத்தடியில் நின்றேன். மேலே இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு கை வந்து ஆடியது. நானும் கையை ஆட்டினேன். கை உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்து டீச்சருக்குப் போன் அடித்தேன். அணைந்து கிடந்தது. முற்றத்தில் நின்று அண்ணாந்து, "டீச்சர், மகேஸ்வரி ஹால்ல உக்காந்துட்டா" என்றேன்.

பதில் இல்லை.

ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரம் நின்றேன். மடித்ததை வாயில் போடவில்லை. "டீச்சர், மகேஸ்வரி ஹால்ல உக்காந்துட்டா."

ஜன்னல் திரை அசையவில்லை. காலையில் படியில் வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது என்று என் வீட்டுக்காரி வந்து சொன்னாள். "ஏறிப் போய்ப் பாருங்களேன். சத்தம் போட்டாவது கூப்பிடுங்களேன்" என்றாள். "இரு" என்றேன். கத்தினால் பயந்துபோவார். ஏதோ ஆகிவிட்டது, பெயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். இந்தத் தடவை நின்றதுதான் நீளம். எத்தனையோ குழி வெட்டியிருக்கிறேன், எந்தக் குழியும் அவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. அதற்கு அப்புறமும் பதில் இல்லையென்றால் கதவை உடைப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு, வாயைத் திறந்தேன். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர், மகேஸ்வரி ஹால்ல உக்காந்துட்டா."

திரை விலகியது. முகம் தெரியவில்லை. நாலு விரல் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது.

"கிடைச்சுது அண்ணாச்சி. முதல் தடவையே கிடைச்சுது. எழுந்து வர நேரம் ஆச்சு."

விரல்கள் கம்பியை விடவில்லை. எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"கேட்டுச்சு டீச்சர்" என்றேன். "போய்ப் படுங்க."